கதிரவன் ஒளியும் குத்தகைப் பத்திரமும்

இரண்டாம் ஆண்டு மாணவி, இளம் அறிவியல் (இயற்பியல்)

முன்னுரை

ஞாயிறு எவருக்கும் சொந்தமன்று. காற்றுக்கும் பட்டா கிடையாது. ஆயின் ஞாயிற்றின் ஒளியை மின்சாரமாக்கத் தகடு பதிக்க நிலம் வேண்டும். அம்மின்சாரத்தை வெளியூருக்குக் கொண்டு செல்லக் கம்பி வேண்டும். அதை விலைக்கு விற்க ஒப்பந்தம் வேண்டும். நிலம், கம்பி, ஒப்பந்தம் ஆகிய இம்மூன்றும் சட்டத்திற்கு உட்பட்டவை. எனவே புதுப்பிக்கத்தக்க எரிசக்தி என்பது அறிவியல் மாணவர்கள் மட்டும் படிக்க வேண்டிய பாடமன்று. சட்டப் பாடமும் ஆகும்.

சிலிக்கன் தகட்டின் மீது ஒளி விழுந்தால் மின்னோட்டம் பிறக்கிறது என்று நான் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். ஒளிமின் விளைவை 1905-ல் விளக்கிய ஐன்ஸ்டீன் அதற்காகவே 1921-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றார் என்பதும் எனக்கு மனப்பாடம். ஆனால் அத்தகடு யாருடைய நிலத்தில் ஊன்றப்படுகிறது என்ற கேள்வி என் மனத்தில் ஒருநாளும் எழுந்ததில்லை. சென்ற கோடை விடுமுறையில் அக்கேள்வி எங்கள் வீட்டுத் திண்ணைக்கே வந்து சேர்ந்தது. அதன்பின் நான் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை மாணவ நண்பர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

திண்ணைக்கு வந்த பத்திரம்

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்துக் கரிசல் பூமியில் உள்ளது. ஐப்பசி மழையை நம்பி உளுந்தும் மக்காச்சோளமும் விதைக்கும் மானாவாரி நிலம். அப்பா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அம்மா பள்ளிக்கூடம் சென்றதில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். தாத்தா தம் உழைப்பில் வாங்கிய 2 ஏக்கர் 40 சென்ட் நிலமே எங்களுக்கு உள்ள ஒரே சொத்து. தாத்தாவும் பாட்டியும் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியும் பட்டா தாத்தாவின் பெயரிலேயே இருந்தது.

2016-ல் அடுத்த மாவட்டமான இராமநாதபுரத்தில், கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தது. அதன்பின் எங்கள் பக்கத்துக் காடுகளுக்கும் சிறிய, பெரிய நிறுவனங்கள் நிலம் கேட்டு வரத் தொடங்கின. அப்படி ஒரு நிறுவனத்தின் சார்பில் ஒரு தரகர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணாச்சி, ஏக்கருக்கு வருசம் 25,000 ரூபாய். மழை பேஞ்சாலும் பேயாட்டாலும் ரூவா வந்துரும். சுத்தி எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. நீங்க மட்டும் நின்னா உங்க காடு நடுவுல மாட்டிக்கிடும், அப்புறம் பாதைகூட இருக்காது" என்றார். பத்தாயிரம் ரூபாய் முன்பணத்தையும், ஆங்கிலத்தில் அச்சடித்த 34 பக்கப் பத்திரத்தையும் திண்ணையில் வைத்துவிட்டுச் சென்றார்.

"தாயி, நீ காலேசுல படிக்கியே, இதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொல்லு" என்று அப்பா பத்திரத்தை என் கையில் கொடுத்தார். வாசித்தேன். எழுத்துகள் தெரிந்தன, பொருள் தெரியவில்லை. ஒளிமின் விளைவை விளக்கத் தெரிந்த எனக்கு, எங்கள் நிலத்தை எந்த நிபந்தனையின் பேரில் எழுதிக் கொடுக்கிறோம் என்று அப்பாவுக்கு விளக்கத் தெரியவில்லை. சிறிது நேரம் என் முகத்தைப் பார்த்திருந்துவிட்டு, "சரி விடு தாயி" என்றார் அப்பா. அந்தச் சொல்தான் என்னை நூலகத்திற்கும், பின்னர் வழக்கறிஞரிடமும் அனுப்பியது.

நிறுவனங்கள் ஏன் வருகின்றன?

நம் அரசியலமைப்பில் மின்சாரம் பொதுப் பட்டியலில் உள்ளது. நிலம் மாநிலப் பட்டியலில் உள்ளது. மின்சாரத்தைப் பற்றி ஒன்றியமும் மாநிலமும் சட்டம் இயற்றலாம். நிலத்தைப் பற்றி மாநிலமே இயற்ற வேண்டும். இதனால் ஒரே சூரியத் தகட்டின் மேல்பகுதிக்கு ஒரு சட்டமும், அதைத் தாங்கும் தூணுக்கு வேறொரு சட்டமும் என்ற நிலை உண்டாகிறது.

1910, 1948 ஆகிய ஆண்டுகளின் பழைய சட்டங்களை நீக்கி 2003-ல் மின்சாரச் சட்டம் வந்தது. இச்சட்டத்தின் 7-ஆம் பிரிவின்படி மின்னுற்பத்தி செய்ய உரிமம் தேவையில்லை. மின்சாரத்தைக் கம்பி வழியே கடத்தவும் வீடுதோறும் வழங்கவும் உரிமம் வேண்டும். 86-ஆம் பிரிவோ, மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் புதுப்பிக்கத்தக்க எரிசக்தியை ஊக்குவிக்க வேண்டும் என்றும், மொத்த மின்சாரத்தில் இத்தனை விழுக்காட்டை இவ்வகையில் வாங்கியே தீர வேண்டும் என்று விதிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. சொந்த மின் நிலையம் வைத்திருக்கும் பெரிய ஆலைகளையும் இக்கடமை கட்டுப்படுத்தும் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

அத்துடன் 63-ஆம் பிரிவின்படி ஏலத்தில் குறைந்த விலை கேட்பவர்க்கு ஒப்பந்தம் கிடைக்கிறது. 2014-ல் தமிழ்நாட்டு ஆணையம் சூரிய மின்சாரத்திற்கு நிர்ணயித்த விலை யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு. 2017-ல் இராசத்தான் மாநிலம் பட்லாவில் நடந்த ஏலத்தில் விலை 2 ரூபாய் 44 காசாக இறங்கியது. விலை இறங்குவது நாட்டுக்கு நன்மையே. ஆயினும் விலையைக் குறைத்துக் கேட்டவர், செலவையும் குறைத்தாக வேண்டும். தகட்டின் விலை சந்தையில் முடிவாகிறது; கடன் வட்டி வங்கியில் முடிவாகிறது. அவர் பேரம் பேசிக் குறைக்கக்கூடிய ஓர் இனம் நிலத்தின் குத்தகை. எங்கள் திண்ணைக்குத் தரகர் வந்த காரணம் இதுவே.

மின்சாரம் விற்பவர்க்குள்ள பாதுகாப்பு

மின்சாரம் விற்கும் நிறுவனத்திற்குச் சட்டம் நல்ல பாதுகாப்பை அளித்துள்ளது. இதற்கு இரண்டு வழக்குகளைச் சான்றாகக் கூறலாம்.

2019-ல் ஆந்திரப் பிரதேச அரசு, முன்னர் செய்துகொண்ட காற்று, சூரிய மின்சார ஒப்பந்தங்களின் விலை மிக அதிகம் எனக் கூறி, அவற்றை மறுபரிசீலனை செய்யக் குழு அமைத்தது. நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. ஒப்பந்தத்தில் கண்ட விலையையே தர வேண்டும் என்று 2022 மார்ச்சில் அம்மாநில உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அடுத்த வழக்கு நம் மாநிலத்தைப் பற்றியது. சூரிய, காற்று மின் நிலையங்களை விலையைக் காரணம் காட்டி நிறுத்தக் கூடாது. மின்தொகுப்பின் பாதுகாப்புக்கு இடையூறு நேரும்போது மட்டுமே நிறுத்தலாம் என்பது விதி. இதனைக் 'கட்டாய இயக்கத் தகுதி' எனலாம். தமிழ்நாட்டில் பாதுகாப்புக் காரணம் இன்றியும் சூரிய மின்சாரத்தைக் குறைக்கச் சொன்னார்கள் என்று நிறுவனங்கள் முறையிட்டன. 2021 ஆகஸ்டில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ஏற்று, அவ்வாறு இழந்த மின்சாரத்திற்கு ஒப்பந்த விலையில் முக்கால் பங்கு வீதம் இழப்பீடு தர ஆணையிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் ஒன்றிய அரசும் இது குறித்துத் தனி விதிகளை வெளியிட்டது.

ஆணையம், அதற்கு மேல் தீர்ப்பாயம், அதற்கு மேல் உச்ச நீதிமன்றம் என்று மின்சாரம் விற்பவர்க்கு மூன்று படிகள் உள்ளன. இதில் தவறொன்றும் இல்லை. வாக்குக் கொடுத்தால் காக்க வேண்டும் என்பதே ஒப்பந்தச் சட்டத்தின் அடிப்படை. ஆயின் அதே நிறுவனத்திற்கு நிலம் கொடுத்த உழவருக்கு என்ன பாதுகாப்பு உண்டு? அவருக்கு அந்த மூன்று படிகளில் ஒன்றும் இல்லை. அவர் கையெழுத்திட்ட பத்திரம் ஒன்றே அவருடைய பாதுகாப்பு. பத்திரத்தில் எழுதியிருந்தால் உண்டு; எழுதாவிட்டால் இல்லை.

பத்திரத்தில் இருந்தவை

இந்த இடத்தில் 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தைக் குறிப்பிட வேண்டும். இச்சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம். ஏனைய ஏழையர் வருமான வரம்புக்கு உட்பட்டுப் பெறலாம். நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவிடம் ஒரு மனு கொடுத்தால் போதும். நான் அம்மாவை அழைத்துச் சென்று மனு கொடுத்தேன். ஒரு வழக்கறிஞர் அம்மையார் எங்கள் பத்திரத்தை இரண்டு நாள் வைத்திருந்து வாசித்து, எங்களை எதிரே உட்கார வைத்து விளக்கினார்.

அவர் கேட்ட முதற் கேள்வியே எங்களைத் திகைக்க வைத்தது. "உங்கள் தாத்தாவுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்றார். பெரியப்பா, அப்பா, அத்தை என மூவர். உயில் எழுதாமல் இறந்தவரின் சொந்தச் சம்பாத்தியத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்று 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் கூறுகிறது. ஆகவே எங்கள் நிலத்தில் அத்தைக்கு 80 சென்ட் உண்டு. ஆனால் பத்திரத்தில் அத்தையின் பெயரே இல்லை. 'கட்டிக் கொடுத்த பெண்ணின் கையெழுத்து எதற்கு?' என்று தரகர் கூறியிருந்தார். எங்கள் வீட்டிலும் யாரும் மறுக்கவில்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, பதிவு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும், 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமும் கூறுகின்றன. முத்திரைத் தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது போதாது. பதிவாகாத குத்தகைப் பத்திரத்தின் நிபந்தனைகளை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்டுவது அரிது.

மூன்றாவது, காலமும் தொகையும். குத்தகைக் காலம் 28 ஆண்டு. முடியும்போது எனக்கு 48 வயதாகும். மூன்றாண்டுக்கு ஒருமுறை குத்தகை 5 விழுக்காடு உயரும் என்று இருந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டேன். 25,000 ரூபாய், 28-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 38,800 ரூபாய் ஆகும். விலைவாசி ஆண்டுக்கு 5 விழுக்காடு ஏறுவதாக வைத்துக்கொண்டால், இன்றைய 25,000-க்கு ஈடாக அன்று 93,000 ரூபாய்க்கு மேல் வேண்டும். அதாவது கடைசி ஆண்டில் எங்களுக்குக் கிடைக்கும் குத்தகையின் உண்மை மதிப்பு இன்றைய மதிப்பில் பாதியைக்கூட எட்டாது.

இன்னொரு கணக்கும் போட்டேன். ஒரு மெகாவாட்டுக்கு ஏறத்தாழ நான்கு முதல் ஐந்து ஏக்கர் வேண்டும் என்று கொண்டால், எங்கள் நிலத்தில் அரை மெகாவாட் அமையும். நம் பக்கத்து வெயிலுக்கு அது ஆண்டுக்குச் சுமார் ஏழரை இலட்சம் யூனிட் தரும். யூனிட் இரண்டரை ரூபாய் என்றாலும் விற்பனை 18 இலட்சம் ரூபாயைத் தாண்டும். எங்கள் குத்தகை 60,000 ரூபாய். தகடு, கடன், பராமரிப்பு, நட்டம் எல்லாம் நிறுவனத்தின் தலையில் என்பதை மறந்துவிட்டு இக்கணக்கைப் பார்ப்பது நியாயமாகாது. ஆயினும் பேரம் பேசும்போது எதிரே இருப்பவரின் கணக்கும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

நான்காவது, விலகும் உரிமை. நிறுவனம் 90 நாள் அறிவிப்புக் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் விலகலாம். நாங்களோ, ஓராண்டு முழுதும் குத்தகை வராமற் போனால்தான் விலகலாம். ஐந்தாவது, அடமானம். நிறுவனம் தன் குத்தகை உரிமையை வங்கியில் ஈடு வைக்கலாம் என்றும், அதற்கு வேண்டிய எந்தத் தாளிலும் நாங்கள் கையெழுத்திட வேண்டும் என்றும் இருந்தது. குத்தகை உரிமையை ஈடு வைப்பது வேறு, நிலத்தையே ஈடு வைப்பது வேறு என்று வழக்கறிஞர் விளக்கினார். 'எந்தத் தாளிலும்' என்ற சொல் இந்த வேறுபாட்டை அழித்துவிடக் கூடியது.

ஆறாவது, காலம் முடிந்த பின் நிலத்தின் கதி. ஊன்றிய கான்கிரீட் தூண்களை யார் பிடுங்குவது என்று ஒரு வரிகூட இல்லை. 2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளில் சூரியத் தகடுகளும் சேர்க்கப்பட்டுவிட்டன. ஆனால் கரிசலுக்குள் இறங்கிய கான்கிரீட்டைப் பற்றி நம் பத்திரம்தான் பேச வேண்டும். ஏழாவது, தகராறு வந்தால் மத்தியஸ்தர் தீர்க்க வேண்டும் என்றும், அந்த விசாரணை வடநாட்டு நகரம் ஒன்றில் நடைபெறும் என்றும் கண்டிருந்தது. கோவில்பட்டிக்குப் போய்வரவே ஒருநாள் கூலியை இழக்கும் குடும்பம் அங்கே எப்படிப் போகும்?

பாதை இருக்காது என்று தரகர் மிரட்டியதற்கும் வழக்கறிஞர் விடை சொன்னார். 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, இருபது ஆண்டு இடையறாது உரிமையாகப் பயன்படுத்திய வண்டிப்பாதையை வேலி போட்டு அடைக்க முடியாது. பங்கு பிரிந்ததால் வேறு வழியே இல்லாமற்போன நிலத்திற்கும் அச்சட்டம் வழி தருகிறது. அச்சத்தினால் கையெழுத்திட வேண்டியதில்லை என்பது அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது.

கம்பி செல்லும் நிலம்

குத்தகைக்கு விடாதவரையும் எரிசக்தி மாற்றம் தொடுகிறது. உற்பத்தியான மின்சாரத்தைக் கொண்டு செல்ல உயர் கோபுரங்கள் வேண்டும். மின்சாரச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு, 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தில் கண்ட அதிகாரத்தை மின்கம்பி அமைப்போருக்கு அரசு வழங்க வழி செய்கிறது. தந்தியே போய்விட்டது, 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் பழைய தந்திச் சட்டத்தை நீக்கவும் வகை செய்துவிட்டது. எனினும் மின்கம்பிக்கு மட்டும் அப்பழைய அதிகாரம் தொடரும் என்று புதுச் சட்டமே கூறுகிறது.

இந்த அதிகாரத்தின்படி நிலத்தைக் கையகப்படுத்தாமலே கோபுரம் நிறுத்தலாம். நிலம் உழவர் பெயரிலேயே இருக்கும். ஆனால் கோபுரமும் இருக்கும். உழவர் தடுத்தால் மாவட்ட ஆட்சியர் ஆணையிடலாம். சேதத்திற்கு முழு இழப்பீடு தர வேண்டும். தொகை போதாதென்றால் மாவட்ட நீதிபதியிடம் முறையிடலாம். 2024 சூனில் ஒன்றிய மின் அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், கோபுர அடிநிலத்திற்கு நில மதிப்பில் இரு மடங்கும், கம்பிக்குக் கீழுள்ள கிராமப்புற நிலத்திற்கு மதிப்பில் 30 விழுக்காடும் தரலாம் என்கின்றன. இவை நெறிகளே, மாநிலம் ஏற்றுக்கொண்டால்தான் உழவர் கைக்கு வரும்.

பத்திரத்தில் பெயர் இல்லாதவர்கள்

இதுவரை நிலம் உடையவர் கதை. நிலமே இல்லாதவர் கதை ஒன்றுண்டு. அறுவடை முடிந்ததும் எங்கள் காட்டில் ஆண்டுதோறும் ஒரு கீதாரி வந்து ஆட்டுக்கிடை போடுவார். நிலத்திற்கு உரம், அவருடைய ஆட்டுக்கு மேய்ச்சல். களை எடுக்கவும் உளுந்து பறிக்கவும் ஊரில் உள்ள பெண்கள் வருவார்கள். காட்டைச் சுற்றி வேலி விழுந்தால் இவர்கள் எங்கே போவார்கள்?

2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், மூன்றாண்டுகளாக அந்நிலத்தை நம்பிப் பிழைத்த கூலித் தொழிலாளரையும் குத்தகை உழவரையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்று ஏற்கிறது. ஆனால் எங்கள் ஊரில் நடப்பது கையகப்படுத்தல் அன்று. இருவர் மனமொத்துச் செய்யும் குத்தகை. ஆகவே அச்சட்டம் இங்கே வாய் திறப்பதில்லை. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் அனல், அணு, பெரிய நீர்மின் நிலையங்கள் உள்ளன. சூரிய, காற்று மின் நிலையங்கள் இல்லை. எனவே அந்த அறிவிக்கை கூறும் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் இங்கே இல்லை. கீதாரி தம் குறையை எந்தக் கூட்டத்தில் எழுந்து சொல்வார்?

பேச வாயில்லாத ஒரு பறவைக்காக ஒரு வழக்கு நடந்ததை இங்கே நினைத்துப் பார்க்கிறேன். இராசத்தானிலும் குசராத்திலும் அழிவின் விளிம்பில் உள்ள கானமயில், சூரிய, காற்று மின் நிலையங்களின் உயர்கம்பிகளில் மோதி இறக்கிறது. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 99,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் மேற்கம்பிகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. அது நடைமுறைக்கு ஒவ்வாது என்று அரசு முறையிட்டதன் மேல், 2024 மார்ச்சில் நீதிமன்றம் அந்த ஆணையைத் திருத்தி வல்லுநர் குழுவை அமைத்தது. அத்தீர்ப்பிலேயே, பருவநிலை மாற்றத்தின் தீங்குகளிலிருந்து காக்கப்படுவது குடிமக்களின் உரிமை என்றும் கூறியது. சூரிய மின்சாரமும் வேண்டும், கானமயிலும் வேண்டும் என்று நீதிமன்றம் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்தது. கீதாரியையும் அவ்வாறு வைத்துப் பார்க்கும் ஒரு விதி நம் நாட்டில் வர வேண்டும் என்பது என் விருப்பம்.

எங்கள் வீட்டில் நடந்தது

அப்பா முன்பணத்தைத் தரகரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, அத்தையை அழைத்து வரச் சொன்னார். பெரியப்பாவுக்கு முதலில் வருத்தம்தான். "இத்தனை வருசம் கேக்காதவ இப்ப எதுக்கு?" என்றார். அத்தை அழுதார். "எனக்கு ரூவா பெருசில்லண்ணே. எங்கய்யா காட்டுல எம் பேரும் இருக்கணும்" என்றார். அதற்குமேல் யாரும் பேசவில்லை. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பாகப்பிரிவினை செய்து, பட்டா மாறுதலும் முடிக்க ஏழு மாதம் ஆயிற்று. ஓடைக்கரையை ஒட்டிய 80 சென்ட் அத்தைக்கு வந்தது. அதை அவர் குத்தகைக்கு விடவில்லை, உளுந்து விதைத்தார்.

மீதமுள்ள 1 ஏக்கர் 60 சென்டுக்கு நிறுவனத்தோடு மீண்டும் பேசினோம். தூண்களைப் பிடுங்கி நிலத்தைப் பழையபடி ஒப்படைப்பது, மூன்று மாதம் குத்தகை நின்றால் நாங்கள் விலகலாம் என்பது, நிலத்தின் உரிமையை எவ்வகையிலும் ஈடு வைப்பதில்லை என்பது, விசாரணை மதுரையில் நடப்பது ஆகிய நான்கையும் எழுதித் தர ஒப்புக்கொண்டார்கள். குத்தகை உயர்வை மட்டும் மாற்ற மறுத்துவிட்டார்கள்.

அப்பா ஒருநாள் முழுதும் யோசித்தார். பின்பு பத்திரத்தின் தமிழாக்கத்தை என்னிடம் கொடுத்து, முதற்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிக்கச் சொன்னார். திண்ணையில் அமர்ந்து வாசித்தேன். மூன்று இடத்தில் நிறுத்தச் சொல்லி மறுபடி கேட்டார். முடித்ததும், "உயர்வு கம்மிதான். நட்டம் வந்தாலும் தெரிஞ்சே வரட்டும்" என்று கூறிச் சார்பதிவாளர் அலுவலகத்திற்குக் கிளம்பினார். இந்த ஆண்டு கீதாரி அத்தையின் 80 சென்டில் கிடை போட்டார். அவர் ஆடுகளுக்கு அது போதாது.

நாம் செய்யத்தக்கவை

நம் கல்லூரியில் என்னைப் போல முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்களே பலர். நம் ஊர்களுக்குத்தான் சூரியத் தகடும் காற்றாலையும் வருகின்றன. ஆகவே விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்கள் பின்வருவனவற்றை மனத்திற் கொள்ள வேண்டுகிறேன்.

1. பட்டா யார் பெயரில் உள்ளது, வாரிசுகள் யார் யார் என்று முதலில் பாருங்கள். அக்கா, தங்கை, அத்தை ஆகியோரின் பங்கை மறவாதீர்கள்.

2. புல எண், உட்பிரிவு, பரப்பு ஆகியவை பத்திரத்திலும் பட்டாவிலும் ஒன்றாக உள்ளனவா என்று ஒப்பிடுங்கள்.

3. தமிழாக்கம் தராத பத்திரத்தில் கையெழுத்திட விடாதீர்கள். பதிவு செய்த படி ஒன்றை வீட்டில் வையுங்கள்.

4. உயர்வு, விலகல், அடமானம், தூண் அகற்றல், விசாரணை நடக்கும் ஊர் ஆகிய ஐந்தையும் தனித்தனியே வாசியுங்கள்.

5. ஓடை, வண்டிப்பாதை, புறம்போக்கு ஆகியவை வேலிக்குள் போகின்றனவா என்று நேரில் நடந்து பாருங்கள்.

6. ஐயம் இருந்தால் வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். 15100 என்ற எண்ணில் கட்டணமின்றித் தொலைபேசியிலும் கேட்கலாம்.

முடிவுரை

2030-க்குள் நிலக்கரி முதலான எரிபொருள் சாராத 500 கிகாவாட் மின்திறனை எட்டுவோம் என்று இந்தியா 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில் அறிவித்தது. 2025-ன் நடுப்பகுதியில் நாட்டின் நிறுவப்பட்ட மின்திறனில் பாதி இவ்வகையினதாகிவிட்டது. நிலக்கரிப் புகை குறைய வேண்டும். மழை தவறும் கரிசல் காட்டுக்காரரைவிட இதை நன்கு அறிந்தவர் யார்? ஆகவே நான் சூரிய மின்சாரத்திற்கு எதிரானவள் அல்லள். இயற்பியல் மாணவி என்ற முறையில் அதைக் கண்டு பெருமைப்படுகிறேன்.

ஆயின் மின்சாரம் விற்பவரின் ஒப்பந்தத்தை நீதிமன்றங்கள் காப்பது போல, நிலம் கொடுப்பவரின் ஒப்பந்தத்தையும் காக்கும் பொது விதிகள் வேண்டும். தமிழில் பத்திரம், குறைந்த அளவு குத்தகை உயர்வு, நிலத்தைத் திருத்தித் தரும் கடமை, மேய்ச்சற்காரர்க்கும் கூலியாட்களுக்கும் ஒரு பங்கு ஆகியவற்றை அரசு மாதிரி ஒப்பந்தமாகவே வகுத்து வெளியிடலாம். அது வரும்வரை, அந்தப் பத்திரத்தை வாசித்துச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தாம். "சரி விடு" என்று நம் பெற்றோர் சொல்லும்படி இனி நேரலாகாது.